சதுப்புப் பாதையில் பலகை நிற்பதில்லை

வெரினா: “லாங்கர் குடாவின் பெருமக்களே! வலை பின்னும் கைகளே, துடுப்பு வலிக்கும் தோள்களே! வாருங்கள், வந்து இந்த அநீதியைக் கண்ணாரக் காணுங்கள்! நம் ஊருக்குப் பின்னே ஒரு பாதை கிடக்கிறது. அது எவருடைய பாட்டன் சொத்தும் அல்ல; நடக்கக் கால் உள்ள அனைவருக்கும் உரியது. ‘பின்சதுப்புப் பாதை’ என்று அதன் வாயிலில் ஒரு பலகை நட்டோம், பிடுங்கப்பட்டது. மறுபடியும் நட்டோம், மறுபடியும் பிடுங்கப்பட்டது. மூன்றாம் முறை குழி தோண்டிச் சிமெண்டு ஊற்றி நட்டோம், சிமெண்டோடு பெயர்க்கப்பட்டது! பெயர்த்த கை எந்தக் கை? பொது மண்ணைப் பதுக்கும் நெஞ்சம் எந்த நெஞ்சம்? அந்த நெஞ்சத்தை நோக்கி நான் கேட்கிறேன்...”

அம்புரோஸ்: அக்கா... டீ ஆறுது.

வெரினா: ஆறட்டும்! நாட்டுல நியாயமே ஆறி அவலாக் கிடக்குது, டீ ஆறினா என்ன?

அம்புரோஸ்: நியாயத்துக்கு நீ டின் பால் ஊத்தலையே. இதுக்கு ஊத்தியிருக்கே. ஏடு கட்டுது பாரு.

வெரினா: நடுவுல குறுக்க வராதேன்னு எத்தனை தடவை...

அம்புரோஸ்: இல்லக்கா, “பதுக்கும் நெஞ்சம்”னு கையை நீட்டுறப்போ சரியா என் நெஞ்சைப் பார்த்தே நீட்டுறே. அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு.

வெரினா: இந்தச் சமையல்கட்டுல வேற நெஞ்சு எங்கேடா இருக்கு? பூனையைப் பார்த்தா நீட்டச் சொல்றே?

அம்புரோஸ்: பூனை மேலயும் எனக்குச் சந்தேகம் உண்டு.

வெரினா: சாயங்காலம் தேவாலயக் கூடத்துல ஊரே உக்காந்திருக்கும். இந்தப் பேச்சைக் கேட்டா கல்லு கூட எழுந்து நிக்கும், தெரியுமா?

அம்புரோஸ்: கல்லு நிக்குமோ என்னவோ, ஜனங்க உக்காந்துதான் இருப்பாங்க. நீ முடிச்சாத்தானே சாப்பாட்டு மேசையைத் திறப்பாங்க.

வெரினா: சரி சரி. பேச்சு அப்புறம். நடைபாதைக் குழுவோட தலைவர்ங்கிற முறையில கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன். உறுப்பினர்கள் எல்லாரும் வந்தாச்சா?

அம்புரோஸ்: உறுப்பினர்னு இருக்கிறது நான் ஒருத்தன். வந்துட்டேன். பன்தான் இன்னும் வரல.

வெரினா: அடுப்புல வேகுது. கேளு. செயின்ட் ஜான்ஸ் நகரத்துல இருந்து அந்த வரைபடக்காரர் வந்திருக்காரு பாரு... பிட்கின்...

அம்புரோஸ்: பச்சைத் தொப்பி.

வெரினா: அவரேதான். இந்தக் கடற்கரை முழுக்க ஊருக்கு ஒரு பாதை. ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் வரைபடத்துல போடுவாராம். மூடுபனி விலகினதும் படகு கிளம்பிடும். அதுக்குள்ள நாம நம்ம பாதை எதுன்னு சொல்லணும். சொல்லலைன்னா வரைபடத்துல லாங்கர் குடா இருக்கிற இடத்துல கடல்தான் இருக்கும்.

அம்புரோஸ்: அது ஒண்ணும் பெரிய பொய்யில்லையே. மழைக்காலத்துல பாதி ஊர் கடல்தான்.

வெரினா: விளையாடாதே அம்புரோஸ். என் பொண்ணு டெல்பினை நினைச்சுப் பார்த்தியா? அல்பர்ட்டாவுல எண்ணெய்க் கிணத்து ஆளுங்களுக்கு முட்டை பொரிச்சுப் போட்டுட்டு இருந்தவ. போன ஜூலைல எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்தா. நம்ம அப்பாவோட மீன் கொட்டகையைத் தேய்ச்சுக் கழுவி சூப்புக் கடை வெச்சிருக்கா. இந்தக் கோடையில நடக்குறவங்க யாரும் வரலைன்னா செப்டம்பர்ல மறுபடியும் போயிடுவேன்னு சொல்லிட்டா.

அம்புரோஸ்: கடைக்கு ஆளே வரலையா?

வெரினா: ஒருத்தர் வந்தாரு. கழிப்பறை எங்கேன்னு கேட்டாரு.

அம்புரோஸ்: ...அது நான்தான்.

வெரினா: உன்னைச் சேர்க்காம சொன்னேன்.

அம்புரோஸ்: சரிக்கா. அப்போ பாதையைப் பார்ப்போம். கலங்கரை விளக்கப் பாதையைக் குடுத்துடு. பேரே கம்பீரமா இருக்கு.

வெரினா: பேர் இருக்கு. விளக்கு எங்கே இருக்கு? அது எரிஞ்சு சாம்பலாகி, நமக்குத் தலையே நரைச்சுப் போச்சு.

அம்புரோஸ்: படிக்கட்டு நிக்குதே! ஏறி நின்னா...

வெரினா: ஏறி நின்னா காத்து தூக்கிட்டுப் போகும். டொராண்டோக்காரர் ஒருத்தர் ஏறினாரே, மறந்துட்டியா? அவரு இறங்கி வந்தாரு. அவரோட டோப்பா வரல.

அம்புரோஸ்: அய்யோ, அந்த டோப்பா! உன் பூனை கவ்விட்டு வந்து வாசல்ல போட்டு, ஊரையே கூப்பிட்டுப் பெருமை அடிச்சுச்சே...

வெரினா: நான் அதைப் பெரிய எலின்னு நினைச்சுத் துடைப்பத்தால அடிச்சேன்.

அம்புரோஸ்: அதுக்கப்புறம் அவரு தலையில வெச்சாரா?

வெரினா: வெச்சாரு. கொஞ்சம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருந்துச்சு. அந்தப் பாதை வேண்டாம். அடுத்தது?

அம்புரோஸ்: கிழக்கு முனை. திமிங்கிலம் தெரியும்.

வெரினா: ஹெர்மனோட கிடா எங்கே மேயுது?

அம்புரோஸ்: ...கிழக்கு முனையில.

வெரினா: போன கோடையில ஒரு டாக்டர் அம்மாவை அது பாறை மேல ஏத்தி விட்டு, மத்தியானம் வரைக்கும் இறங்க விடல.

அம்புரோஸ்: உயரமான பாறைக்கா அது. திமிங்கிலம் நல்லாத் தெரிஞ்சிருக்குமே.

வெரினா: அவங்க பார்த்ததெல்லாம் கிடாவோட கண்ணைத்தானாம். திமிங்கிலமே வந்து எட்டிப் பார்த்துட்டு, “பாவம்”னு போயிடுச்சாம்.

அம்புரோஸ்: அப்போ பழைய பள்ளிக்கூடப் பாதை?

வெரினா: பாலம் எங்கே?

அம்புரோஸ்: தாண்டிக் குதிக்கலாமே.

வெரினா: நீ குதிச்சு எத்தனை நாள் ஆச்சு?

அம்புரோஸ்: நான் குதிக்கிறேன்னு சொல்லலையே. வர்றவங்க குதிக்கட்டும். நடக்கவே அவ்வளவு தூரம் வர்றவங்களுக்கு ஒரு குதி பெரிசா?

வெரினா: தம்பி, உன்னை மாதிரி ரெண்டு பேர் குழுவுல இருந்திருந்தா...

அம்புரோஸ்: மூணு பேர் இருந்திருப்போம். மூணு பேருக்கும் பன் இருக்காது.

டெல்பின்: அம்மா! கதவைத் திற, கை ரெண்டும் ரொம்பி இருக்கு! ...மாமா, காலை நீட்டாதே, பானையைப் போட்டுடுவேன்.

வெரினா: என்னடி இது, கடையை விட்டுட்டு?

டெல்பின்: சூப்பு தீர்ந்து போச்சு. இன்னொரு பானைக்கு உருளைக்கிழங்கு எடுக்க வந்தேன். அந்தப் பச்சைத் தொப்பி இருக்காரே, காலையில வந்து உக்காந்தவரு எழுந்திருக்கல. கிண்ணத்தை நீட்டிட்டே இருக்காரு.

அம்புரோஸ்: பார்த்தியா! கடைக்கு ஆள் வந்துட்டாரு!

டெல்பின்: சந்தோஷம்தான் மாமா. ஆனா அவரு படகு ஏறினதும் கடை மறுபடியும் காலி. பாதை எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? கேட்டுட்டு வரச் சொன்னாரு. தலைவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்.

வெரினா: ஆலோசனை நடக்குது. கிழக்கு முனை...

டெல்பின்: அது படகுத்துறையில தொடங்குது.

அம்புரோஸ்: கலங்கரை விளக்கம்...

டெல்பின்: அதுவும் படகுத்துறையில. நடக்குறவங்க படகுல இருந்து இறங்குவாங்க, நடப்பாங்க, படகுலயே ஏறிடுவாங்க. என் கடை ஊரோட இந்தக் கோடியில இருக்கு. என் வாசல்ல தொடங்குறது ஒரே ஒரு பாதைதான். பின்சதுப்புப் பாதை.

அம்புரோஸ்: வேண்டாம்!

வெரினா: கூடாது!

டெல்பின்: ...ரெண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

வெரினா: சதுப்புல என்னடி இருக்கு? சேறு. ஈ. அதுவும் அந்தக் கருப்பு ஈ, கடிச்சா காது வாழைப்பூ மாதிரி வீங்கிடும்.

டெல்பின்: அம்மா, நீ பேசினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. “எவருடைய பாட்டன் சொத்தும் அல்ல, கால் உள்ள அனைவருக்கும் உரியது.” அந்தப் பாதைக்குத்தானே?

வெரினா: அது கொள்கை. கொள்கை வேற, சதுப்பு வேற.

அம்புரோஸ்: மூஸ் மான் வேற சுத்துது அங்கே. ஆம்பளை மூஸ். குணம் சரியில்லாதது. எனக்கு அதோட அப்பனையும் தெரியும். குடும்பமே அப்படி.

டெல்பின்: மூஸ் மான் இருக்குன்னு தெரிஞ்சா ஜனங்க ஓடி வருவாங்க மாமா.

வெரினா: குறளிங்க இருக்கு! சொல்லிட்டேன். சின்னக் குறளிங்க. மூடுபனியில வந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆளை வழி தப்ப வெச்சிடும். சட்டைப்பையில ரொட்டித் துண்டு வெச்சுக்கணும். கோட்டைத் திருப்பிப் போட்டுக்கணும். வெளியூர்க்காரங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? பாவம், ரொட்டி இல்லாம வந்து மாட்டிப்பாங்க.

டெல்பின்: அம்மா, இதை மட்டும் வரைபடத்துல எழுதினா அடுத்த வாரமே படகுல இடம் கிடைக்காது.

அம்புரோஸ்: ஆனா அக்கா... ஒரு நிமிஷம்... சதுப்புப் பக்கமே போறதில்லைன்னு சொல்லுவியே. உன் கோட்டுப் பையில எப்பவும் ரொட்டி இருக்கே, அது எதுக்கு?

வெரினா: பசிச்சா திங்க.

அம்புரோஸ்: காய்ஞ்சு கட்டையா இருக்கு. போன ஆகஸ்ட்டுல வெச்ச ரொட்டி மாதிரி.

வெரினா: என் பையில உன் கைக்கு என்னடா வேலை? நீ மட்டும் யோக்கியனா? ஆகஸ்ட்டு பூரா விடியக்காலையில வாளியைத் தூக்கிட்டு மீன் பிடிக்கப் போறேன், மீன் பிடிக்கப் போறேன்னு போனியே, தூண்டில் எங்கே?

அம்புரோஸ்: ...கையாலயே பிடிப்பேன்.

வெரினா: கையால! எந்த மீனுடா உன் கையில வந்து ஏறுது? வாளியைத் துணி போட்டு மூடி, கையையும் பின்னால ஒளிச்சுட்டு வருவியே. மீன் ரத்தம் மஞ்சளாவா இருக்கும்?

டெல்பின்: மஞ்சளா? எது மாமா மஞ்சளா இருந்துச்சு?

அம்புரோஸ்: ஒண்ணுமில்ல. மஞ்சள் மீனு.

டெல்பின்: சதுப்புல மஞ்சளா எது கிடைக்கும்? யோசிச்சுப் பார்க்கிறேன்... ஆகஸ்ட்டு நடுவுல... ஒரு காம்புக்கு ஒரே ஒரு பழம்... தொட்டா நசுங்கும்...

வெரினா: பேக்கப்பிள் பழமா? அந்தச் சதுப்புலயா? ஹா! அங்கே ஒண்ணு கூடக் கிடையாது.

அம்புரோஸ்: ஒண்ணு கூட! அதுவும் போன வருஷம் கரடி வந்து குளத்து ஓரம் பூரா மொட்டை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

டெல்பின்: எதை மொட்டை அடிச்சுச்சு?

அம்புரோஸ்: ...புல்லை.

வெரினா: இல்லடா, அந்தக் கரடி குளத்து வடக்கு ஓரத்துல கூட ஒண்ணு விடாம...

அம்புரோஸ்: வடக்கு ஓரமா? உனக்கு எப்படி வடக்கு ஓரம் தெரியும்?

வெரினா: ...கேள்விப்பட்டேன்.

அம்புரோஸ்: யாரு சொன்னா?

வெரினா: கரடி சொல்லுச்சு! போதுமா?

டெல்பின்: அய்யோ, சிரிப்பை அடக்க முடியல. இந்த ஊர் மாதிரி எங்கேயும் கிடையாது. சட்டி பானை கொடுப்பீங்க, படகைக் கொடுப்பீங்க, வீட்டுச் சாவியைக் கொடுப்பீங்க. பேக்கப்பிள் பறிக்கிற இடத்தை மட்டும் கூடப் பொறந்தவங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டீங்க. ஒரே வயித்துல பொறந்துட்டு, ஒரே குளத்தை ஆளுக்கு ஒரு பக்கமா... அம்மா, பன் வெந்துடுச்சு போல. கருகுற வாசனை வருது.

அம்புரோஸ்: அப்பாடா. எடு, எடு. வெல்லப்பாகு பன்னா? சுடச்சுட ஒண்ணு குடு.

டெல்பின்: அம்மா... இது என்ன? பன்னோட அடியில எழுத்து மாதிரி...

வெரினா: எழுத்தா? வெடிச்சிருக்கும். குடு இங்கே.

டெல்பின்: இல்லம்மா. தலைகீழா இருக்கு. “பாதை”ன்னு இருக்கு. இதுல “சது”... இதுல “பின்”...

அம்புரோஸ்: எங்கே காட்டு. ...அக்கா! நீ மாவு தேய்க்கிற பலகை புதுசா இருக்கேன்னு அன்னைக்கே கேட்டேன். “கடல்ல மிதந்து வந்துச்சு”ன்னு சொன்னியே!

வெரினா: மிதந்துதான் வந்துச்சு.

அம்புரோஸ்: அது நாம நட்ட பலகை! உளி வெச்சு எழுத்தைச் செதுக்கினதே நான்தானே! பதுக்கும் நெஞ்சம்! பெயர்த்த கை! அடியே வெரினா, என்னைப் பார்த்துக் கையை நீட்டினியே!

வெரினா: குரலை உசத்தாதே! ஆமாம், ரெண்டாவது பலகையை எடுத்தேன். ரெண்டாவது மட்டும்! முதல் பலகை எங்கே போச்சு? அதைச் சொல்லுடா முதல்ல.

அம்புரோஸ்: எனக்கு எப்படித் தெரியும்?

டெல்பின்: மாமா, உன் கோழிக் கூட்டுக் கதவுல “பின்சதுப்புப் பாதை”ன்னு எழுதியிருக்கு.

அம்புரோஸ்: ...கோழிங்களுக்கு வழி தெரிய வேண்டாமா?

வெரினா: பார்த்தியா! பார்த்தியா! தொடங்கி வெச்சவன் நீ! “ஊர்ச் சொத்தில் கை வைத்த முதற்கை யாருடைய கை என்று நாளை வரலாறு கேட்கும்போது...”

அம்புரோஸ்: ரெண்டாவது கை யாருதுன்னும் கேட்கும். பன்னை எடுத்துக் காட்டுவேன்.

வெரினா: அது இருக்கட்டும். மூணாவது? சிமெண்டோட பெயர்த்தியே, பாவி, உன் இடுப்பு வலிக்கு அந்தக் கனம் ஆகுமாடா?

அம்புரோஸ்: நானா? நீதான் ஹெர்மனோட நாலு சக்கர வண்டியை வாங்கிப் போயிருப்பேன்னு நினைச்சேன்.

வெரினா: எனக்கு அந்த வண்டி ஓட்டவே தெரியாதே. நீ எடுக்கலையா?

அம்புரோஸ்: அப்பா மேல சத்தியம். நீ எடுக்கலையா?

வெரினா: இல்லடா. அப்போ யாரு...

டெல்பின்: உஷ்! கேளுங்க. படகு ஊதிடுச்சு.

அம்புரோஸ்: மூடுபனி விலகிடுச்சா? அதுக்குள்ளயா?

டெல்பின்: இன்னொரு தடவை ஊதினா கிளம்பிடும். அம்மா, பிட்கின் துறைக்கு நடந்துட்டு இருப்பாரு. நான் ஓடிப் போய்ச் சொல்லணும். சொல்லு. எந்தப் பாதை?

வெரினா: கொஞ்சம் பொறு...

டெல்பின்: கிழக்கு முனைன்னு சொன்னா கிழக்கு முனைன்னு சொல்லிடுறேன். எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. அல்பர்ட்டாவுல என் அடுப்பு இன்னும் காலியாத்தான் இருக்காம். மேஸ்திரி போன வாரம் கூடக் கேட்டுட்டாரு.

வெரினா: எப்போடி கேட்டாரு? என்கிட்ட சொல்லவே இல்லையே.

டெல்பின்: நீ அழுவேன்னு சொல்லல.

வெரினா: நான் எதுக்கு அழணும்? வெங்காயம் அரிஞ்சேன். ...அம்புரோஸ்.

அம்புரோஸ்: என்னக்கா...

வெரினா: குளத்து ஓரத்துல ஊரே காலை வெச்சு மிதிக்கும். தொப்பி போட்டவங்க எல்லாம் குனிஞ்சு, பறிச்சு, வாயில போட்டு, “புளிக்குது”ன்னு துப்புவாங்க.

அம்புரோஸ்: சொல்லாதேக்கா. இன்னொரு பன் குடு.

வெரினா: ஜாம் இல்லாமப் போகும். போனா என்ன? இவ இல்லாத வீட்டுல ஜாமை யாருக்குடா போடுறது? ...சதுப்பையே குடுடி. பின்சதுப்புப் பாதைன்னு சொல்லிடு. தலைவர் சொன்னதாச் சொல்லு.

டெல்பின்: நிஜமாவாம்மா?

வெரினா: மறுபடியும் கேட்டா மாத்திடுவேன். ஓடு! ...உறுப்பினர் ஒத்துக்கிறாரா?

அம்புரோஸ்: ஒத்துக்கிறேன். ஆனா வலிக்குது. இந்த இடத்துல, விலாவுக்குக் கீழே.

வெரினா: அது நீ தின்ன பன்னு. டெல்பின், ஏன் நிக்கிறே? ஓடச் சொன்னேனே!

டெல்பின்: ஓட வேண்டாம்மா. விடியக்காலையிலேயே, தலைவர் சொன்னதாவே சொல்லிட்டேன்.

வெரினா: என்னத்தைச் சொன்னே?

டெல்பின்: பின்சதுப்புப் பாதைன்னு. அவரு நடந்தும் பார்த்துட்டாரு. நடந்துட்டு வந்த பசியிலதான் அத்தனை கிண்ணம் குடிச்சாரு.

அம்புரோஸ்: போச்சு! போச்சு! குளத்தைப் பார்த்துட்டாரா?

டெல்பின்: எந்தக் குளத்தை?

வெரினா: விளையாடாதேடி. பாதை நேரா அங்கேதானே போகுது!

டெல்பின்: வேலிகிட்ட ரெண்டாப் பிரியுதே அம்மா. இடது பக்கம் சதுப்பு. வலது பக்கம் கடலோரப் பாறை, திமிங்கிலம், பஃபின் பறவை, அப்புறம் சுத்திட்டு வந்தா என் கடை வாசல். அந்தப் பிரிவுல ஒரு பலகை நிக்குது. வலது பக்கம் அம்பு போட்டிருக்கு. இடது பக்கம் ரெண்டு கட்டை அடிச்சு, பழைய வலையை மாட்டி விட்டிருக்கேன். பார்த்தா பாதை மாதிரியே தெரியாது.

அம்புரோஸ்: பலகையா? எந்தப் பலகை?

டெல்பின்: சிமெண்டோட இருக்கிற பலகை.

வெரினா: அடிப்பாவி!

டெல்பின்: நான் பிடுங்கலம்மா. நகர்த்தினேன். பழம் பழுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் போனா ஊர் பார்த்துடும்னு நீங்க ரெண்டு பேரும் ஜூலை மாசத்துல எட்டிக்கூடப் பார்க்க மாட்டீங்க. அதான் தைரியமா ஹெர்மனோட வண்டியில கட்டி இழுத்துட்டுப் போனேன்.

அம்புரோஸ்: இரு... இரு. நீ எதுக்கு இடது பக்கத்தை மறைக்கணும்? உனக்கு என்ன தெரியும் இடது பக்கத்தைப் பத்தி?

டெல்பின்: மாமா... கிறிஸ்துமஸுக்கு நான் செஞ்ச பேக்கப்பிள் பணியாரம் நல்லா இருந்துச்சா?

அம்புரோஸ்: தட்டையே நக்கினேனே! குடாவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வாங்கினேன்னு சொன்னே...

வெரினா: கரடி!

டெல்பின்: ஆமாம்மா. நான்தான் கரடி.

அம்புரோஸ்: உனக்குப் பயந்தா நான் தகர டப்பாவைத் தட்டிட்டே நடந்தேன்? ஒரு மாசம்! கை மரத்துப் போச்சு!

டெல்பின்: நல்ல வேளை தட்டினே மாமா. அந்தச் சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.

வெரினா: தகர டப்பாவா? மூடுபனிக்குள்ள டங்கு டங்குன்னு கேட்டுச்சே... அது நீயாடா? குறளிங்க கொட்டு அடிச்சுட்டு வருதுன்னு நினைச்சு, நான் கோட்டைக் கழட்டித் திருப்பிப் போட்டுட்டு ஓடினேன்!

அம்புரோஸ்: திருப்பிப் போட்டியா? உன் கோட்டு உள்பக்கம் என்ன நிறம்?

வெரினா: சிவப்பு.

அம்புரோஸ்: அப்போ சிவப்பா குள்ளமா ஒண்ணு கத்திட்டே ஓடுச்சே... அதைப் பார்த்துத்தானே நான் குளத்துக்குள்ள விழுந்தேன்! குறளியைக் கண்ணால கண்டவன்னு பாதிரியார்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்! அவரு எழுதி வேற வெச்சுக்கிட்டாரு!

டெல்பின்: போதும்... போதும்... பானையைக் கீழே வெச்சுக்கிறேன்...

வெரினா: சிரிக்காதேடி. ...அப்போ நீ போகலையே? செப்டம்பர்ல?

டெல்பின்: எப்படிம்மா போக முடியும்? பழுக்கப் போகுது. வடக்கு ஓரம் இந்த வருஷம் எனக்கு.

வெரினா: வடக்கு ஓரம் என்னோடது!

அம்புரோஸ்: அதை அப்புறம் அடிச்சுக்குவோம். அக்கா, சாயங்காலம் கூடத்துல நிக்கப் போறியே, பேச்சுக்கு என்ன பண்ணுவே? “பெயர்த்த கை”ன்னு சொன்னா எந்தப் பக்கம் கையை நீட்டுவே?

டெல்பின்: யாராவது சிரிக்காம இருந்தாச் சரி. ஏம்மா, ஆகஸ்ட்டுல விடியறப்போ நான் கடைக்குக் கிளம்பினா ஊர்ல ஒரு வீட்டுப் புகைக்கூண்டுலயும் புகை இருக்காது. ஒரு நாய் கூட வாசல்ல இருக்காது. எல்லாரும் எங்கே போயிருப்பாங்கன்னு எப்பவாவது யோசிச்சிருக்கியா?

அம்புரோஸ்: ஹெர்மன்... பாதிரியார்... அந்தத் தபால்காரப் பொண்ணு... அய்யோ அக்கா, மொத்த ஊருமா?

வெரினா: எழுது அம்புரோஸ், பேனாவை எடு, பழைய பேச்சை அடுப்புல போடு. சொல்லச் சொல்ல எழுது. “லாங்கர் குடாவின் பெருமக்களே! பலகையைப் பெயர்த்த கை எதுவென்று இனி எவரும் கேட்கலாகாது. குழு அதனை ஆழ்ந்து ஆராய்ந்து, மன்னித்தும் விட்டது. விருந்தினர் வரப்போகிறார்கள். அவர்களைக் கடலோரம் அழைத்துச் செல்லுங்கள், திமிங்கிலத்தைக் காட்டுங்கள், பசித்தவர்களை என் மகளின் கடை வாசலில் கொண்டுவந்து விடுங்கள். வேலிக்கு இடப்புறம் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால், ஒன்றும் இல்லை என்று ஊரே ஒரே குரலில் முழங்குங்கள்! ஆகஸ்டு விடியலில், மூடுபனியின் நடுவே, குளக்கரையில் குனிந்து நிற்கும் எங்களை நீங்கள் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் கண்டாலும் அவ்வாறே திருப்பிக்கொள்வோம். நேற்று வரை தனித்தனியே காத்த மறைவை இன்று முதல் ஒன்றுபட்டுக் காப்போம்! இதற்கு உடன்படுவோர், இந்த நொடியே, இந்த இடத்திலேயே எழுந்து நின்று, வாளி பிடிக்காத கையை உயர்த்துங்கள்!”